மூன்றாம் ராஜா ஊசி போடச் சொன்ன கதை

சுவா புன்தோங் அலகு குத்திக்கொண்டு ஊர்வலத்தில் வருவதைப் பார்க்கப் பக்கத்து மூன்று ஊர்ச் சனமும் திரளும். ஒரு முழ நீள இரும்புக் கம்பி இடது கன்னத்தில் நுழைந்து வலது கன்னத்தில் வெளியே வந்திருக்கும். கையில் ரம்பமீனின் மூக்கு. அதைக்கொண்டு முதுகில் மாறி மாறி அறைந்துகொள்வார். ரத்தம் இடுப்புவரை வழியும்; முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அதே புன்தோங், சுகாதார நிலையத்து நர்ஸ் தடுப்பூசிப் பெட்டியோடு தெருமுனையில் திரும்பினால் போதும், மீன் குட்டையின் அக்கரைக்கு பம்ப் செட்டைப் பழுது பார்க்கப் போய்விடுவார். அந்த பம்ப் செட் இருபது வருஷமாகப் பழுதானதே இல்லை.

இந்த ரகசியம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவர் மனைவி பீலியென். இன்னொருவர் லோ கிம்சூ. பள்ளிக்கூடத்தில் அம்மை குத்த வந்த நாளில் புன்தோங் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியதை உடன் படித்தவர்கள் மறந்துவிட்டார்கள். பட்டாளத்தில் ஊசி வரிசையில் நின்றபோது நின்றவாக்கிலேயே மயங்கிவிட்டார். முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் என்று நெருக்கிப் பிடித்து நின்றிருந்ததால் கீழே விழவில்லை. 'இவனைப் பாருங்கடா, ஊசி போடும்போது கண்ணைக்கூட அசைக்கலை' என்று சார்ஜெண்ட் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டினாராம். அந்தப் பாராட்டை அவர் இன்றுவரை மறுத்ததில்லை.

அவருடைய இருபத்தேழாவது வயதில் மூன்றாம் ராஜா அவர்மேல் வந்தார். அந்தக் கடலோர ஊர்க் கோயிலில் அண்ணன் தம்பிகளான ஐந்து ராஜாக்கள் சாமிகளாக வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாமவர் கொஞ்சம் முன்கோபி, ஆனால் நியாயஸ்தர். திருவிழாவில் பல்லக்கின் பின்கொம்பைத் தோளில் வாங்கிக்கொண்டிருந்த புன்தோங் திடீரென்று கொம்பை விட்டுவிட்டு ஆட ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவர்தான் ஊருக்குச் சாமியாடி. மற்ற நாளெல்லாம் பால்கெண்டைக் குட்டையும் சிப்பிக் கொட்டகையும்தான் பிழைப்பு.

சாமி இறங்கிவிட்டால் வாயிலிருந்து வருகிற பேச்சு பழைய பாட்டுப்போல இழுத்து இழுத்து, பாதி மூக்கால் வரும். ஊரில் ஒருவருக்கும் விளங்காது. அதைக் கேட்டு வாங்கி மற்றவர்களுக்குப் புரிகிறமாதிரி சொல்லப் படையல் மேசையருகே ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள்தான் கிம்சூ. மீனவர் சங்கத்தில் ஐஸ்கட்டி எடை போடுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், புன்தோங்கைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். பேச்சையும் எடை போட்டுத்தான் கொடுப்பார். ஒரு குந்துமணி கூடாது, குறையாது.

சாமி மலையேறியதும் புன்தோங் கண் விழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்பது எப்போதும் ஒரே கேள்வி. 'சாமி என்ன சொல்லுச்சு?' சாமியாடிக்கு எதுவும் நினைவிருக்கக் கூடாது. நினைவிருந்தால் சாமியே வரவில்லை என்று அர்த்தம். புன்தோங்குக்கு மெய்யாகவே நினைவிருக்காது. அதனால் கிம்சூ என்ன சொல்கிறாரோ அதுதான் சாமி சொன்னது. அதற்கு அப்பீல் கிடையாது.

அலகு விஷயமும் அப்படித்தான். "கம்பி குத்துறப்போ நான் வீட்டுல இல்ல. ஆள் இல்லாத வீட்டுல யாரு ஆணி அடிச்சா எனக்கென்ன?" என்று பீலியென்னிடம் ஒருமுறை சொன்னார். ஊசி என்றால் வீட்டிலேயே உட்கார்ந்து, கதவையும் திறந்துவிட்டு, வாங்க என்று கூப்பிட வேண்டும். அது அவரால் ஆகாது.

ஐம்பது வயதுக்குமேல் அவருக்குச் சர்க்கரை வந்தது. வராமல் என்ன செய்யும்? ராஜாக்களுக்குப் படைக்கிற, ஆமை ஓடு மாதிரி அச்சில் வார்த்த சிவப்பு ஆமைப் பணியாரம் முழுக்கச் சர்க்கரை. ராஜாக்கள் வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சாமியாடிக்கு விட்டுவிடுகிறார்கள். தினமும் காலையில் அவர் டிவியில் வானிலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பீலியென் விரலைப் பிடித்து ஒரு குத்துக் குத்திச் சர்க்கரை பார்ப்பாள். கடலில் எத்தனை அடி அலை என்று அவர் உரக்கப் படிப்பார். எண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவள் அதைவிட உரக்கப் படிப்பாள்.

போன வருஷம் பதினோராம் மாதம், வாடைக்காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு காலையில், சிப்பிக் கொட்டகையில் பெண்களோடு உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பல் கிடுகிடுவென்று அடித்தது. கண் மேலே செருகியது. நாலு நாளாகவே காய்ச்சலும் வலது விலாவில் ஒரு வலியும் இருந்தன. குட்டைக்காற்று பட்டுவிட்டது என்று சொல்லித் திரிந்திருக்கிறார். வேறு ஊராக இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆடுகிற புன்தோங் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்.

சாமி வந்துவிட்டது என்று ஒருத்தி கத்தினாள். ஒருவன் ஊதுவத்திக்கு ஓடினான். சாமியாடி சட்டையோடு இருக்கலாமா? இரண்டு பேர் சேர்ந்து அவர் சட்டையை உருவிப்போட்டார்கள். அந்தக் குளிர்காற்றில் வெற்றுடம்பாக நின்ற மனிதருக்கு நடுக்கம் இரண்டு மடங்கானது. ஆகா, இன்றைக்குச் சாமி ரொம்ப உக்கிரமாக வந்திருக்கிறது என்று எல்லோரும் கைகூப்பினார்கள். இதுதான் சமயம் என்று ஒரு அம்மாள் முன்னால் வந்து, தன் மகன் பழைய லாரி ஒன்றை வாங்கலாமா என்று கேட்டாள்.

"போர்வை," என்றார் புன்தோங், பல்லுக்கு நடுவே. "போர்வை."

லாரிக்கும் போர்வைக்கும் என்ன சம்பந்தம் என்று கூட்டத்தில் வாதம் நடந்தது. கடைசியில் ஒருவர், தார்ப்பாயைத்தான் சாமி சொல்கிறது, முதலில் நல்ல தார்ப்பாய் வாங்கிக்கொண்டு அப்புறம் லாரியைப் பார்க்கச் சொல்கிறது என்று தெளிவு செய்தார். அதற்குள் யாரோ தகவல் சொல்லி கிம்சூ சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு சாமியாடியின் நெற்றியில் கை வைத்தார். அப்படி யாரும் செய்ததே கிடையாது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"சாமி இல்ல, காய்ச்சல்," என்றார் கிம்சூ. "சட்டையப் போட்டு விடுங்க."

ஜியாயி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது காய்ச்சல் நாற்பது டிகிரியைத் தொட்டிருந்தது. கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏறியதே புன்தோங்குக்குத் தெரியாது. விழித்ததும் கையைப் பார்த்தார், மறுபடி மயங்கினார். காய்ச்சல் மயக்கம் என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். பீலியென் அந்தக் கையைப் போர்வைக்குள் தள்ளி மூடிவிட்டாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் வெய் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண். குட்டை முடி, காலில் ரப்பர் செருப்பு, பேச்சில் வளவளப்பே இல்லை. கல்லீரலின் வலது பக்கத்தில் சீழ் கட்டியிருக்கிறது, பெரிய கொய்யாக்காய் அளவு என்றார். சர்க்கரைக்காரர்களுக்கு இந்தப் பக்கத்தில் அடிக்கடி வருகிறதுதான். மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறோம், ஆனால் இவ்வளவு பெரிய கட்டி மருந்தால் மட்டும் வற்றாது. அல்ட்ராசவுண்ட் படத்தில் பார்த்துக்கொண்டே விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி விட்டு, அதன் வழியே மெல்லிய குழாய் வைத்து வெளியே வடிக்க வேண்டும். வயிற்றைக் கிழிக்கிற வேலையெல்லாம் இல்லை, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

புன்தோங் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "தூங்க வச்சுடுவீங்கல்ல?"

"இல்ல பெரியப்பா. அந்த எடம் மட்டும் மரத்துப்போகும். நீங்க முழிச்சுத்தான் இருக்கணும். நீங்க மூச்சு விட்டா கல்லீரல் மேலயும் கீழயும் நகரும். நான் சொல்றப்போ மூச்சைப் பிடிக்கணும்."

ஆக, ஆள் வீட்டில் இருக்க வேண்டும். இருப்பது மட்டும் போதாது, கதவுக்குத் தாழ்ப்பாளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். புன்தோங்கின் முகம் வெளுத்தது. பெரிய மனிதத் தோரணையோடு, ராஜாவிடம் உத்தரவு கேட்காமல் தன் உடம்பில் எதுவும் ஏற்றுவதற்கில்லை என்றார். கேளுங்கள், ஆனால் நாளைக்குள் கேட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். இந்தக் கிருமி கல்லீரலோடு நிற்காது, ரத்தத்தில் ஏறிக் கண்ணுக்குப் போகும், போனால் பார்வை போய்விடும், அதற்கப்புறம் உயிரும் நிச்சயமில்லை. இதையும் அவர் வளவளப்பில்லாமல்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் புன்தோங் பஞ்சாங்கம் கொண்டுவரச் சொன்னார். அன்றைய கட்டத்தில் 'கூரை வேயலாம், வலை பின்னலாம், ஊசி வைத்தியம் ஆகாது' என்று போட்டிருந்தது. அவருக்கு வந்த தெம்பைப் பார்த்தால் கட்டி பாதி கரைந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். அதற்கு அடுத்த நாள் பஞ்சாங்கத்தில் தடை ஒன்றுமில்லை. அதனால் அன்று இரண்டாம் ராஜா தவம் இருக்கிற நாள் என்று கண்டுபிடித்தார். இரண்டாம் ராஜா தவம் இருந்தால் மூன்றாம் ராஜாவிடம் கேட்பதற்கு என்ன தடை என்று பீலியென் கேட்டாள். குடும்ப விஷயம், உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கண் டாக்டர் வந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இதுவரை ஒன்றுமில்லை என்றார். அந்த 'இதுவரை' மட்டும்தான் பீலியென் காதில் விழுந்தது. சாயங்காலம் மறுபடி குளிர் நடுக்கம். முப்பத்து மூன்று வருஷம் இந்த மனிதனோடு குட்டையில் வலை இழுத்தவள், மீன் செத்து மிதக்கும் குளிரிலும் அழாதவள், மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, கிம்சூவுக்கு போன் போட்டாள். அவள் புருஷன் செத்துக்கொண்டிருக்கிறான், பயத்தினால் செத்துக்கொண்டிருக்கிறான் என்பதைச் சொல்லி அழ அவளுக்கு வேறு ஆள் கிடையாது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிம்சூ வந்துவிட்டார். கோயில் வேலைக்குப் போடுகிற மஞ்சள் சட்டை, அதன்மேல் கம்பளிக் கோட்டு. அவரைக் கண்டதும் புன்தோங் மூளையில் ஒரு யோசனை மின்னியது. காய்ச்சல் மூளைதான், ஆனாலும் யோசனை பொல்லாதது. ராஜா வந்து தன் வாயாலேயே ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் டாக்டரும் பெண்டாட்டியும் என்ன செய்ய முடியும்?

ராஜாவைக் கூப்பிடப் போகிறேன், தயாராக நில்லுங்கள் என்றார். ஊதுவத்தி கொளுத்தக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னாள். பரவாயில்லை, கொளுத்தாத வத்தியே போதும் என்று கிம்சூ மூன்று குச்சிகளைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்தினார். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல்லோடு படுத்திருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்து மரியாதையாகப் பல்செட்டை மாட்டிக்கொண்டார்.

புன்தோங் கண்ணை மூடினார். தலையை வட்டமாகச் சுற்றினார். காலைத் தரையில் அடித்தார். ட்ரிப்ஸ் கம்பி ஆடியது. பிறகு மூக்கால் இழுத்து, பழைய பாட்டு ராகத்தில், என் பிள்ளை உடம்பில் இரும்பு ஏறக் கூடாது, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று பாடினார். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்த கிம்சூ கம்பளிக் கோட்டின் பொத்தான்களை அவிழ்த்து, மஞ்சள் சட்டை தெரிய நிமிர்ந்து நின்றார்.

"மூன்றாம் ராஜா சொல்றார்," என்றார். "பிள்ளை உடம்புல ஊசி ஏறட்டும். இன்னிக்கே. மத்தியானத்துக்குள்ள."

கண்ணை மூடியிருந்த ராஜா ஒரு கணம் ஆடுவதை நிறுத்திவிட்டார். சரி, காது கொஞ்சம் மந்தம், வயசாகிவிட்டது என்று எண்ணினாரோ என்னவோ, இந்தத் தடவை ராகத்தைக் குறைத்து வார்த்தையைக் கூட்டினார். வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்றார்.

"ராஜா ரெண்டாந்தரம் சொல்றார். தாமதம் வேண்டாமாம்."

ராஜாவுக்கு வியர்த்தது. பேச்சு எடுபடவில்லை என்றதும் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்கே வைத்து, முடியாது என்று வெட்டிக் காட்டினார். ஊரில் பிறந்த குழந்தைக்கும் புரியும் அந்தச் சைகை.

"குறுக்க யாரும் நிக்கக் கூடாதாம்," என்றார் கிம்சூ. "நின்னா ராஜாவுக்குக் கெட்ட கோபம் வருமாம்."

பித்தப்பைக் கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். நர்ஸ் தன்னையறியாமல் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். புன்தோங்குக்கு ஆடுவதற்கு இனித் தெம்பில்லை. பொத்தென்று தலையணையில் சாய்ந்தார். கண்ணைத் திறந்தார். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், வாய் தானாகக் கேட்டது.

"சாமி என்ன சொல்லுச்சு?"

கேட்டபிறகுதான் தன் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிக்கொண்டது புரிந்தது. கிம்சூ நிறுத்தி நிதானமாக, ஊசி, இன்றைக்கே, மத்தியானத்துக்குள் என்று மூன்றையும் திருப்பிச் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லையே என்று புன்தோங் எப்படிச் சொல்வார்? சொன்னால், சொன்னது நினைவிருக்கிறது என்றாகிவிடும். நினைவிருந்தால் ராஜா வரவில்லை. ராஜா வராமல் ராஜா பேரில் ஆடினவனை ஊர் என்ன செய்யும், ராஜா என்ன செய்வார்? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். அவர் கிம்சூவின் கண்ணைப் பார்த்தார். கிம்சூ டம்ளரிலிருந்த வத்திகளைச் சரிசெய்துகொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

டாக்டர் வெய் வாசலிலேயே நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தைக் கொண்டுவந்தார், பேனாவைத் தரவில்லை.

"உங்க ராஜா சொன்னது இருக்கட்டும் பெரியப்பா. ஊசி உங்களுக்குத்தான். நீங்க என்ன சொல்றீங்க?"

இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லோரும் ராஜாவைத்தான் கேட்பார்கள். புன்தோங் படிவத்தைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பித்தப்பைக் கிழவர் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கன்னத்துத் தழும்பும் துடித்தன.

"பயமா இருக்கு டாக்டர்," என்றார். "ஊசின்னா எனக்குச் சின்ன வயசுலேருந்தே பயம்."

வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. பீலியென் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தோடேயே செய்துகொள்ளலாம், அதற்கென்று தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை, மூச்சை மட்டும் சொல்கிறபோது பிடித்தால் போதும் என்றார் டாக்டர். அப்புறம்தான் பேனாவை நீட்டினார். புன்தோங்கின் கையெழுத்து கோடு தாண்டிப் போய்விட்டது.

அந்த அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். விலாவில் ஜில்லென்று கொழகொழப்பாக எதையோ தடவினார்கள். பக்கத்தில் திரை. சாம்பல் நிறம் முழுக்க, அதன் நடுவே கறுப்பாக ஒரு பள்ளம். மழைக்காலத்துக் குட்டையை மேட்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அதுதான் உங்கள் கொய்யாக்காய் என்றார் டாக்டர்.

புன்தோங் ராஜாவுக்காகக் காத்திருந்தார். இப்போதாவது வருவார், வந்து இந்த உடம்பை எடுத்துக்கொள்வார், தான் எங்கேயாவது போய்விடலாம் என்று இருந்தது. முதுகில் சில்லிப்பு ஏறுகிறதா, காதில் மேளம் கேட்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. குளிர்சாதனம்தான் இரைந்துகொண்டிருந்தது. ராஜா வரவில்லை. அவரே இருந்தார், அவர் மட்டும் இருந்தார். மரத்துப்போகிற மருந்தின் முதல் ஊசி எறும்பு கடித்ததுபோல் இறங்கியபோது கண்ணில் நீர் முட்டியது.

"மூச்சை இழுங்க. நிறுத்துங்க."

நிறுத்தினார். திரையில் ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு சாம்பலுக்குள் சாய்வாக இறங்கி வந்தது. அது தன் உடம்புக்குள்தான் வருகிறது என்று தெரிந்தும் அவர் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் தெரியாமல் வருமே என்ற பயம்தான். கோடு பள்ளத்தின் விளிம்பைத் தொட்டது, அழுத்தியது, உள்ளே போனது. விலாவில் குத்தினது தோள்பட்டையில் சுரீர் என்றது. மூச்சு விடலாம் என்றார்கள். ஊசி வழியே ஒரு கம்பி, கம்பி வழியே குழாய், உள்ளே போனதும் அதன் நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டு நின்றுகொண்டது. அப்புறம் சீழ் வந்தது, பழுப்பும் மஞ்சளுமாக, பச்சைப்பயறுக் கஞ்சிபோல் கெட்டியாக, நாற்றத்தோடு. பை நிறையும்போது திரையில் குட்டை வற்றியது. புன்தோங் அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பால்கெண்டைக் குட்டையை வடிக்கிற நாளில்கூட அவர் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் பசித்தது. பீலியென் வெறும் கஞ்சியும் ஊறுகாய் முள்ளங்கியும் கொடுத்தாள். ஆமைப் பணியாரம் என்று வாய் திறந்தவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். நர்ஸ்கள் தினமும் குழாயைக் கழுவிவிட்டுப் பையில் எவ்வளவு சேர்ந்தது என்று குறித்துக்கொண்டு போனார்கள். பித்தப்பைக் கிழவர் வருகிறவர்களிடமெல்லாம், இவர் சாமியாடி, ஊசிக்குப் பயப்படுகிற சாமியாடி என்று அறிமுகம் செய்தார். புன்தோங் முதல் இரண்டு நாள் முறைத்தார். அப்புறம் தானே முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்திக்கொண்டு, கையில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஒரு தடிப்பையன், எனக்கும்தான் பெரியப்பா என்று மெல்லிய குரலில் சொன்னான்.

பதினேழாம் நாள் குழாயை எடுத்தார்கள். அன்று மத்தியானம் கிம்சூ வந்தார். பீலியென் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து வெகுநேரம் இரண்டு பேரும் ஊரைப் பற்றிப் பேசினார்கள். லாரிக்கார அம்மாள் தார்ப்பாய் வாங்கிவிட்டாள், லாரி இன்னும் வாங்கவில்லை. பேச்சு தீர்ந்துபோனது.

"அன்னிக்கு ராஜா பேர்ல பொய் சொன்னீங்களே அண்ணே," என்றார் புன்தோங், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கிம்சூ மறுக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அன்று ஒருநாள்தான் என்றார். பஸ் இறங்கினதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கோயிலுக்குப் போய் முட்டி போட்டாராம். சொன்ன பொய்யைச் சொல்லி, இனிமேல் மேசையருகே நிற்க எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டு, குறி பார்க்கிற பிறைக்கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டாராம். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் உண்டு. இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறது என்று அர்த்தம்.

"என்ன விழுந்துச்சு?"

"மூணு தரம் போட்டேன். மூணு தரமும் சிரிச்சுச்சு."

புன்தோங்குக்கும் சிரிப்பு வந்தது. குழாய் எடுத்த இடம் வலித்ததால் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் இத்தனை நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார். இனிமேல் கேட்பதற்கு வெட்கம் ஒன்றும் பாக்கி இல்லை.

"கண்ணை மூடினேன், ஆடினேன், ராகமெல்லாம் சரியாத்தானே இழுத்தேன். ஆடுறது நான்தான்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

கிம்சூ பதிலை வழக்கம்போல் எடை போட்டார்.

"ராஜா பேசுறப்போ எனக்குப் பாதி விளங்காது புன்தோங். இத்தனை வருஷமாவும் அப்படித்தான். யோசிச்சு யோசிச்சு, தப்பாச் சொல்லிட்டா ஒரு குடும்பம் கெட்டுப்போயிடுமேன்னு பயந்து பயந்துதான் சொல்லுவேன். அன்னிக்கு ஒருநாள்தான், நீ சொன்னது ஒரு வார்த்தை விடாம எனக்கு விளங்குச்சு."